கொசுறு போடும் கை

தைப்பொங்கல் லீவு முடிந்த கையோடு ஹெட்மாஸ்டர் குருநாதன் பால்வாடிக்கு வந்துவிட்டார். சைக்கிளைக் கருவை மரத்தில் சாய்த்தார். வேட்டியில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளைத் தட்டிவிட்டு, குனிந்து உள்ளே நுழைந்தார். வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேரப்போகிற பிள்ளைகளை முன்கூட்டியே ஒரு பார்வை பார்த்துப் போவது அவர் வழக்கம். நல்ல மனுசன்தான். ஆனாலும் அவர் வந்து போகிற அன்றைக்கெல்லாம் பால்வாடி டீச்சர் பூமயிலுக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

"ரெண்டும் மூணும் எத்தனைடா?"

பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒரே குரலாகக் கத்தின. "ஆறு!"

"நாலும் ஒண்ணும்?"

"ஆறு!"

"மூணும் நாலும்?"

"எட்டு!" முனியசாமி என்கிற வாண்டு எழுந்து நின்றே சொன்னான். சொல்லிவிட்டு, கைதட்டுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தான்.

குருநாதன் பூமயிலைப் பார்த்தார். "ஒண்ணு ரெண்டு பிள்ளை தப்பாச் சொன்னாப் பரவாயில்லை டீச்சர். மொத்தப் பிள்ளையும் சேந்து ஒரே தப்பைல்ல சொல்லுது? போன வருசமும் இதே கதைதான்."

"தெனமும் சொல்லிக் குடுத்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

"சொல்லிக் குடுத்தா ஏறணும்ல? ஊர்ப் பிள்ளைகளோட கலந்து உக்கார வச்சா பாடம் ஓட மாட்டேங்குது. நான் என்ன செய்ய? போன வருசம் மாதிரி பின்னால தனி வரிசைதான்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பின் வரிசைக்குப் பள்ளிக்கூடத்தில் பெயரே வைத்துவிட்டார்கள், பால்வாடி வரிசை என்று. உச்சிப்புளிக்குக் கிழக்கே, ராமேசுவரம் ரோட்டை ஒட்டிய பனங்காட்டுக் குடியிருப்பிலிருந்து போகிற பிள்ளைகளுக்கு அதுதான் இடம். அப்பன் ஆத்தாள் எல்லாரும் அடுத்தவர் மிளகாய்க் கொல்லையில் கூலிக்குப் போகிறவர்கள். பின் வரிசையில் உட்கார்ந்த பிள்ளையை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கேள்வி கேட்காத இடத்தில் பிள்ளை எத்தனை நாள் உட்காரும்? தீபாவளி தாண்டினால் வரிசையில் பாதி காலி. போனதில் பாதிப் பிள்ளை ஆட்டுக்குப் பின்னால், மீதிப் பிள்ளை ஆத்தாளுக்குப் பின்னால்.

பேச்சு நடந்தபோது வாசலில் இருளம்மாள் நின்றிருந்தாள். பனங்கிழங்கு அவித்து பஸ் ஸ்டாப்பில் விற்கிறவள். அவள் மகள் ராமலட்சுமிதான் 'ஆறு' என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியவள்.

"கேட்டேன் மதினி," என்றாள் இருளம்மாள். "என் மகளுக்குத் தலையில ஏறாதுன்னு சாரே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. ஏறாத தலைக்கு எதுக்கு எண்ணெயத் தேச்சு, ரிப்பனை வச்சு, சடை போட்டு அனுப்பணும்? நாளையிலேருந்து எங்கூடக் கிழங்கு கட்ட வரட்டும்."

"ஏத்தா, அஞ்சு வயசுப் பிஞ்சு அது."

"கிழங்கு கட்ட அஞ்சு வயசு போதும். பள்ளிக்கூடத்துக்குத்தான் பத்தாது போல." மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ராமலட்சுமி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பூமயிலும் அதே குடியிருப்பில் பிறந்தவள்தான். இருபத்திரண்டு வயதுவரை கைநாட்டு. முதியோர் கல்வி வகுப்பு வந்தபோது, மிளகாய்ப்பழம் எடுத்து எரிகிற விரலோடு சாக்பீஸைப் பிடித்து எழுத்துக் கூட்டினாள். அப்புறம் வெறி பிடித்தாற்போல் படித்து, எட்டாம் வகுப்பைத் தனியாக எழுதிப் பாஸ் பண்ணி, இந்தப் பால்வாடி வேலைக்கு வந்தாள். ராமலட்சுமி போன்ற பிள்ளை இருபத்திரண்டு வயதுவரை காத்துக்கிடக்கக் கூடாது என்றுதான் வந்தாள். வந்து என்ன? அந்தப் பிள்ளையே முதலாவதாகக் கழன்று போகிறது.

தப்பு எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை. புளியங்கொட்டையை வைத்துத்தான் கூட்டல் சொல்லித் தருவாள். இரண்டு வைப்பாள், மூன்று வைப்பாள், சேர்த்து எண்ணிக் காட்டுவாள். பிள்ளைகளும் கூடவே அஞ்சு என்று சொல்லும். பிள்ளைகளைத் தனியாகச் செய்யச் சொன்னால் போச்சு. அதே இரண்டு, அதே மூன்று, ஆனால் பாயில் ஆறு கொட்டை கிடக்கும். "ஒண்ணு கூட எடுத்துட்ட பாரு" என்று எத்தனை தரம் அதட்டியிருப்பாள்! மறுநாளும் ஆறுதான் கிடக்கும்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் இருளம்மாள் வீட்டு முற்றத்தில் போய் நின்றாள். அடுப்பில் பானை கொதித்துக் கிழங்கு வாசம் தெருவரைக்கும் அடித்தது. ராமலட்சுமி தூக்கக் கலக்கத்தோடு ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள்.

"பேச வந்தியாக்கும்?" என்றாள் இருளம்மாள். "மொத பஸ் வர்றதுக்குள்ள கட்டி முடிக்கணும். பேசுறவ கையைச் சும்மா வச்சுக்கிட்டுப் பேசாத. இந்தா, கட்டு."

பூமயில் உட்கார்ந்து ஒரு குத்துக் கிழங்கை மடியில் அள்ளிக்கொண்டாள். சின்ன வயசில் செய்த வேலை, மறக்கவா போகிறது? கட்டுக்கு அஞ்சு. பருமனும் மெலிசும் கலந்து வைக்கவேண்டும். அஞ்சும் மெலிசாகப் போட்டால், வாங்குகிறவன் பஸ்ஸில் இருந்தே எட்டி வைவான்.

"அந்தப் புள்ளைய இந்த ஒரு வருசம் விட்டுப் பாரு இருளம்மா."

"எதுக்கு? பின்னால உக்காந்து கூரையில ஓடு எண்ணவா?"

"நான் ஒரு வழி பண்ணுறேன்."

"நீ என்னத்தப் பண்ணுவ? நீ சொல்லிக் குடுத்துத்தான ஆறுங்குது!"

சுருக்கென்றது. பூமயில் குனிந்து கட்டினாள். இரண்டு பருமன், மூன்று மெலிசு, அஞ்சு. ஓலையைச் சுற்றி முடிச்சுப் போட்டு ராமலட்சுமியிடம் நீட்டினாள். "இந்தாடி, அஞ்சு."

நீட்டிய கை அப்படியே நின்றது.

கட்டுக்கு நடுவில் இன்னொரு கிழங்கு செருகியிருந்தது. கொசுறு. அவள் செருகியது அவளுக்கே தெரியவில்லை. வாய் அஞ்சோடு நின்றுவிட்டது. கை நிற்கவில்லை. எண்ணி முடித்ததும் மேலே ஒன்று போடாவிட்டால் அந்தக் குடியிருப்பில் எந்தக் கணக்கும் முடிந்த கணக்கில்லை. மிளகாய் நாற்று எண்ணினாலும், எருவாட்டி எண்ணினாலும், எலுமிச்சம்பழம் எண்ணினாலும், கடைசியில் கை தானாகப் போய் ஒன்றை எடுத்துப் போடும். போட்டதை யாரும் எண்ணமாட்டார்கள். அஞ்சு என்று சொல்லி ஆறு கொடுப்பது இங்கே தப்பில்லை, மரியாதை.

"என்ன மதினி, பூச்சி கடிச்சிருச்சா?"

"இருளம்மா, இதுல எத்தனை இருக்கு?"

"அஞ்சு."

"எண்ணு."

"ஏன், கொசுறோட எண்ணினா ஆறு. அது யாருக்குத் தெரியாது?"

"பள்ளிக்கூடத்துக்குத் தெரியாதுத்தா!" பூமயில் எழுந்துவிட்டாள். மடியில் கிடந்த கிழங்கெல்லாம் உருண்டோடியது. "புள்ளைக்குத் தலையில ஏறாம இல்ல. புள்ளை சரியா எண்ணுது. நம்மதான் ஒண்ணு கூடப் போட்டுக் காட்டியிருக்கோம்!"

இருளம்மாளுக்கு அது பாதிதான் புரிந்தது. புரிந்தவரைக்கும் நம்பவுமில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொண்டாள். கிழங்கு ஓய்கிறவரை காலையில் மகளுக்குப் பதிலாகப் பூமயில் வந்து கட்டித் தரவேண்டும். பிள்ளை பால்வாடிக்குப் போகும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு இருளம்மாளும் கூடவே வருவாள். "அந்தச் சாரு என் மகளைப் பின்னால உக்கார வச்சாருன்னா, அங்கனயே கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துருவேன். அப்புறம் நீ என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

"மிதிக்கல," என்றாள் பூமயில்.

அன்றைக்குப் பால்வாடியில் புளியங்கொட்டையைப் பரப்பினாள். சமையல் செய்கிற ஆயா பஞ்சம்மாளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "யக்கா, நான் கணக்குச் சொல்லிக் குடுக்கும்போது என் கையை மட்டும் பாரு."

"உன் கையில என்ன மோதிரமா போட்டிருக்க, பாக்க?" பஞ்சம்மாள் அகப்பையோடு வந்து உட்கார்ந்தாள்.

பூமயில் இரண்டு வைத்தாள். மூன்று வைத்தாள். ஒன்று, இரண்டு என்று தொட்டுத் தொட்டு எண்ணி "அஞ்சு!" என்றாள்.

"போட்டுட்ட," என்றாள் பஞ்சம்மாள்.

"எப்போ?"

"அஞ்சுன்னு சொன்ன, வாயை மூடல, இடது கை மடியிலேருந்து ஒண்ணை எடுத்துச் சுண்டி விட்டுருச்சு. களவாணிக் கை!"

இத்தனை வருசமாகப் பிள்ளைகள் கண்முன்னால் ஆறு கொட்டையைக் கிடத்தி அஞ்சு, அஞ்சு என்று கத்தியிருக்கிறாள். பிள்ளைகள் அவள் வாயை நம்பவில்லை. கண்ணை நம்பியிருக்கின்றன. பூமயிலுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "எல்லாரும் டீச்சர் மாதிரி ஒரு கை மேல உக்காருங்க. இனிமே கொசுறு கிடையாது."

அவ்வளவுதான், பால்வாடியே கொந்தளித்துவிட்டது.

"கொசுறு இல்லாம எப்பிடி டீச்சர்?" முனியசாமி இடுப்பில் கை வைத்துக் கேட்டான். "ஆளு மறுக்கா வரமாட்டாகல்ல?"

"எங்காத்தா கொசுறு போடாதவுகளக் கஞ்சப்பிசினாறின்னு சொல்லும்," என்றாள் ராமலட்சுமி. டீச்சரைப் பார்த்த பார்வையில் அதே பட்டம் இருந்தது.

அதட்டினாள், கெஞ்சினாள், மிட்டாய் காட்டினாள். கை மேல் உட்கார்ந்த பிள்ளைகள் காலால் கொட்டையைத் தள்ளிச் சேர்த்தன. மேலே பக்கத்து நேவித் தளத்து விமானம் ஒன்று இரைந்துகொண்டு போக, கணக்கு வகுப்பே வாசலுக்கு ஓடிப்போனது. திரும்பி வந்து பார்த்தால் பாயில் கிடந்த கொட்டையெல்லாம் ஒழுங்காக ஆறு ஆறாக இருந்தன.

இது நல்ல புத்தி, இதை எதற்குப் பிடுங்குகிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கொடுக்கிறபோது ஒன்று கூடக் கொடு என்று பெற்றவர்கள் பழக்கிய கை. அதை ஒடித்துவிட்டுத்தான் கணக்கு வரவேண்டுமா? அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து வந்தாள். சிமெண்டுத் தரையில் பெரிய வட்டம் போட்டாள்.

"இந்தா பாருங்க. இதுக்கு உள்ள இருக்கிறது கணக்கு. கொசுறு வட்டத்துக்கு வெளிய. போடலாம், தாராளமாப் போடலாம். ஆனா வெளியதான் போடணும். உள்ள எத்தனை, ராமலட்சுமி?"

"அஞ்சு."

"வெளிய?"

"கொசுறு ஒண்ணு."

"சேத்தா?"

பிள்ளை வட்டத்தைப் பார்த்தது, வெளியே கிடந்த கொட்டையைப் பார்த்தது. முகம் மெல்ல விரிந்தது. "ஆறு!"

"அம்புட்டுத்தான்! உள்ள அஞ்சு. அஞ்சும் ஒண்ணும் ஆறு."

அதற்கப்புறம் கணக்கு கரைபுரண்டு ஓடியது. ஒரு கேள்விக்கு இரண்டு பதில், உள்ளே ஒன்று, சேர்த்து ஒன்று. மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு கூட்டல் என்றால் இவர்களுக்கு ஒவ்வொரு தரமும் இரண்டு கூட்டல் நடந்தது. காலையில் இருளம்மாளுக்குக் கட்டிக் கொடுத்த கூலியாக ஒடிந்த கிழங்கை வாங்கிவந்து, பருமன் மெலிசு என்று பிரித்துக் கட்டு விளையாட்டு விளையாடவிட்டாள். அஞ்சு கிழங்குக் கட்டில் ஒரு பருமன் வைத்தால் மெலிசு எத்தனை? இரண்டு பருமன் வைத்தால்? பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே இல்லை, வீட்டு வேலை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லின. அஞ்சு கிழங்குக் கட்டு முடிந்து ஏழு கிழங்குக் கட்டு போட்டார்கள், பத்துக் கிழங்குக் கட்டு போட்டார்கள். கணக்கு முடிந்ததும் கட்டிய கிழங்கையெல்லாம் தின்று தீர்த்தார்கள்.

பூமயிலுக்கு உடம்புதான் இற்றுப்போனது. கருக்கலில் இருளம்மாள் வீட்டில் குந்த வைத்தவள், பொழுது சாய வீடு போகும்போது இடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குப் பூமயில் பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டிப்போனாள். நுங்குக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இருளம்மாளும் பின்னாலேயே வந்தாள். வகுப்புக்குள் போகாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊர்ப் பிள்ளைகள் ஏற்கெனவே முன்பாயை நிறைத்திருந்தார்கள். நடுநாயகமாக, பெரிய வீட்டுச் சேதுராமன் மகன் தவசி, புதுப் பையை ஒரு பக்கமும் தண்ணீர் பாட்டிலை ஒரு பக்கமும் வைத்து மூன்று பேர் இடத்தில் உட்கார்ந்திருந்தான். குருநாதன் இவர்களைக் கண்டதும் கையைப் பின்னால் காட்டினார். "அங்கன போய் உக்காருங்க."

ஜன்னலில் கூடை இறங்கியது. இருளம்மாள் வாசலுக்கு வரத் திரும்பிவிட்டாள்.

"சார்," என்றாள் பூமயில். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ஒரு தடவை கேட்டுட்டு உக்கார வையுங்க."

குருநாதன் அவளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, முதலில் நின்ற பிள்ளையைக் கூப்பிட்டார். ராமலட்சுமிதான். "நீ சொல்லு. ரெண்டும் மூணும் எத்தனை?"

பிள்ளை தரையைப் பார்த்தது, எதையோ தேடியது. தரையில் வட்டம் இல்லை.

"சொல்லுடி!" ஜன்னலுக்கு வெளியே இருளம்மாள் பல்லைக் கடித்தாள். "வீட்டுல அந்தக் கத்துக் கத்துற!"

ராமலட்சுமி தலையைத் தூக்கினாள். "உள்ள மட்டுமா சார், கொசுறையும் சேத்தா?"

முன்பாய் கொல்லென்று சிரித்தது. குருநாதன் சிரிக்கவில்லை. "என்னது?"

"உள்ள மட்டும்னா அஞ்சு. கொசுறு சேத்தா ஆறு."

இத்தனை வருசமாகக் குருநாதன் காதில் விழுந்த எல்லா ஆறும் அந்த ஒரு கணத்தில் வரிசையாக வந்து நின்றிருக்க வேண்டும். நாற்காலியை விட்டுவிட்டு வந்து பிள்ளைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சரி. உள்ள மட்டும். மூணும் நாலும்?"

"ஏழு."

"நாலும் ஒண்ணும்?"

"அஞ்சு," என்றான் முனியசாமி. யாரும் அவனைக் கேட்கவில்லை.

குருநாதனுக்குச் சூடு பிடித்துவிட்டது. "அஞ்சு வேணும். மூணு இருக்கு. இன்னும் எத்தனை வேணும்?" முன்பாயைத்தான் முதலில் கேட்டார். முன்பாய் விரலைப் பார்த்தது. தவசி "எட்டு" என்றான்.

"மூணு மெலிசுன்னா ரெண்டு பருமன் சார்," என்றது நின்றுகொண்டிருந்த கூட்டம். "ஒரு மெலிசுன்னா நாலு பருமன்! நாலு மெலிசுன்னா ஒரு பருமன்!" ஒருத்தர் சொல்லி முடிப்பதற்குள் ஒருத்தர் அடுத்ததைச் சொன்னார்கள். ஓடு அதிர்ந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

"பருமனே இல்லேன்னா?" என்று மடக்கினார் குருநாதன்.

"அஞ்சும் மெலிசு," என்றாள் ராமலட்சுமி. "ஆனா அப்படிக் கட்டக் கூடாது சார். அது கள்ளக்கட்டு."

"வைவாக சார்," என்றான் முனியசாமி. "உங்கள மாதிரி ஆளுகதான் வைவாக."

ஹெட்மாஸ்டர் குருநாதன் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பூமயிலைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அப்புறம் எழுந்து பின்சுவரோரம் போனார். பால்வாடி வரிசைக்கு விரித்திருந்த பாயை அவரே சுருட்டினார், தோளில் போட்டுக்கொண்டு வந்து முன்பாயோடு சேர்த்து விரித்தார். "எல்லாரும் இங்கன வாங்க. கலந்து உக்காருங்க. ரெண்டாம் வகுப்பிலயும் அந்த வரிசையை இன்னைக்கே எடுத்துருவேன்."

ஜன்னலில் இருளம்மாள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. "பாத்தியா மதினி? என் மகளை," என்றாள். சொன்னது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற பூமயிலுக்கா, தெருவுக்கா, தெரியவில்லை. தெருவுக்கே கேட்டது.

உள்ளே பிள்ளைகள் இடம் பிடிக்க முண்டியடித்தார்கள். ராமலட்சுமி நேராக நடுவில் போய்த் தவசிக்கு முன்னால் நின்றாள். அவன் பையையும் பாட்டிலையும் அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். அவன் அப்பாவின் மிளகாய்க் கொல்லையில்தான் அவளுடைய அப்பா களை வெட்டுகிறார். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"தள்ளி உக்காருலே," என்றாள் ராமலட்சுமி.

தவசி தள்ளி உட்கார்ந்தான்.